அலமாரிக்குள் பிறந்த குரல்

நியூயார்க்கில் ஓர் அபார்ட்மென்ட். அதில் துணி மாட்டுகிற குட்டி அறை ஒன்று. சட்டையும் கோட்டும் தொங்கும் அந்த இண்டு இடுக்கில் ஒரு மைக். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒருவர் பேசுகிறார். கரகரத்த, காய்ந்துபோன, ஊரையே இழந்துவிட்ட ஒரு கிழவரின் குரல். தொங்கும் துணிகள் எதிரொலியை எல்லாம் குடித்துவிடுகின்றன. அதனால் அந்தக் குரல் யாரோ நம் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு கதை சொல்வதுபோலவே பதிவாகிறது. பேசுகிறவர் லோகன் கன்னிங்ஹாம். பதிவு செய்கிறவர் அவருடன் அதே வீட்டில் தங்கியிருந்த டேரன் கோர்ப். ஸ்டுடியோ வாடகைக்குப் பணமில்லாத காலம், அலமாரியே ஸ்டுடியோ!

இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை பரபரக்கும். அந்த அலமாரியில் பதிவான குரல்தான் 2011இல் வந்த 'பாஸ்டியன்' என்ற வீடியோ கேமின் உயிர். அதை உருவாக்கிய சூப்பர்ஜயன்ட் கேம்ஸ், எனக்கு மிகப் பிடித்த ஸ்டுடியோ. இத்தனை ஆண்டுகளில் ஐந்தே ஐந்து கேம்கள். அந்த ஐந்தையும் வரிசையாக விளையாடிப் பாருங்கள். ஒரு வீட்டுப் பிள்ளை நம் கண் முன்னால் வளர்வதைப் பார்த்த மாதிரி இருக்கும். முதலில் பேசக் கற்றுக்கொள்கிறது. பிறகு மௌனம் பழகுகிறது. பிறகு தோற்கவும் பிரியவும் படிக்கிறது. கடைசியில் ஊரையே கூட்டிவைத்துப் பாட ஆரம்பித்துவிடுகிறது. வாங்க, ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்போம்!

வரவேற்பறையில் ஓர் ஆபீஸ்

2009. அமிர் ராவ், கேவின் சைமன் என்று இரண்டு நண்பர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் இ.ஏ. என்ற கேம் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் 'கமாண்ட் அண்ட் காங்கர்' வரிசை கேம்களில் வேலை பார்த்தவர்கள். பெரிய கம்பெனி, நல்ல வேலை. அதை விட்டுவிட்டுக் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் அமிரின் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வரவேற்பறையில் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். சூப்பர்ஜயன்ட் ஆரம்பமாகிவிட்டது!

ஆட்களைச் சேர்த்த விதம் இன்னும் அழகு. இசைக்கு யார்? அமிரின் பால்ய நண்பர் டேரன் கோர்ப் நியூயார்க்கில் இருந்தார். குரலுக்கு? டேரனின் அறைத்தோழர் லோகன் இருக்கவே இருக்கிறார். படம் வரைய ஜென் ஸீ வந்தார். புரோகிராம் எழுத ஆண்ட்ரூ வாங் வந்தார். கதை எழுத வந்தவர் கிரெக் கசாவின். 'கேம்ஸ்பாட்' இணையதளத்தில் பத்தாண்டுக்கு மேல் வேலை பார்த்து, அதன் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். அடுத்தவர் கேம்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த பேனா, இப்போது தானே கதை எழுத உட்கார்ந்தது. மொத்தம் ஏழு பேர். பாதி வேலை சான் ஹோசேயில், மீதி நியூயார்க்கில்.

பாஸ்டியனில் எனக்கு உயிரான விஷயம் ஒன்றைக் கிட்டே போய்க் காட்டுகிறேன். கதையின் நாயகனான பையன் கண் விழிக்கிறான். அவனைச் சுற்றி உலகம் உடைந்து சிதறிக் கிடக்கிறது. ஓர் அடி எடுத்து வைத்தால் கீழேயிருந்து ஒரு கல் பறந்து வந்து அவன் காலடியில் பொருந்துகிறது. அடுத்த அடிக்கு அடுத்த கல். நடக்க நடக்கப் பாதை முளைக்கிறது! முதல் தடவை விளையாடியபோது, கதையை மறந்து, பாதை முளைப்பதைப் பார்ப்பதற்காகவே அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

இந்த மாயத்துக்குப் பின்னால் இருந்தவை இரண்டு நடைமுறைச் சிக்கல்கள். ஒன்று, மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணத்தில் அமைந்த கேம் இது. கேமரா எப்போதும் தரையையே பார்க்கும். வானம் கண்ணில் படவே படாது. வானமும் வேண்டும், கோணமும் மாறக் கூடாது என்றால் என்ன வழி? தரையைத் தூக்கி ஆகாயத்தில் மிதக்கவிட்டுவிட்டார்கள். வானம் காலுக்குக் கீழே வந்துவிட்டது! இரண்டாவது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், விளையாடுகிறவர் திரையின் மூலையில் இருக்கும் குட்டி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கல் தானாக எழும்பி வந்து வழி காட்டினால் வரைபடம் எதற்கு? கண் பையனை விட்டு அகலாது. இரண்டு தலைவலிக்கு ஒரே மருந்து. அதுவும் இத்தனை அழகான மருந்து!

இனி அந்த அலமாரிக் குரல். பையன் ஓடிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறான். நின்று நிதானமாக எழுத்தைப் படிக்க அவனுக்கு நேரம் கிடையாது. சரி, கதையைக் காதுக்குச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். கசாவின் குட்டிக் குட்டி வரிகளாக எழுதித் தள்ள, லோகன் அலமாரிக்குள் உட்கார்ந்து பேசினார். சுமார் 3,000 வரிகள்! நீங்கள் கதைப்படி நடந்தாலும் சொல்வார், கதையை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதை எல்லாம் போட்டு உடைத்தாலும் சொல்வார். நான் பெட்டி பெட்டியாக உடைத்துக்கொண்டிருந்தபோது, பையன் சற்று நேரம் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டான் என்ற பொருளில் அந்தக் கிழவர் அமைதியாகச் சொன்னார் பாருங்கள், மயிர்க்கூச்செறிந்துவிட்டது. என்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்! நான் செய்வதெல்லாம் கதையில் சேர்கிறது!

இதே பாஸ்டியனுக்காக அவர்கள் ஆசையாகச் செய்து பார்த்த இன்னொரு விஷயமும் உண்டு. விதை ஊன்றிச் செடி வளர்க்கும் ஒரு தோட்டம். செய்து பார்த்தார்கள், கேமோடு ஒட்டவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துப் போட்டார்கள். இந்த விதையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

2011 ஜூலை 20 அன்று, வார்னர் பிரதர்ஸ் வெளியீடாக, எக்ஸ்பாக்ஸில் பாஸ்டியன் வந்தது. அடுத்த மாதமே கம்ப்யூட்டருக்கும் வந்தது. 2015 ஜனவரிக்குள் 30 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டன. வரவேற்பறையில் ஏழு பேர் செய்தது!

குரல் பறிபோன பாடகி

இப்படி ஒரு வெற்றி வந்தால் யாரும் என்ன செய்வார்கள்? 'பாஸ்டியன் 2' எடுப்பார்கள். கதைசொல்லிக் கிழவரைத் திரும்பக் கூட்டிவந்து இன்னும் 3,000 வரி பேச வைப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஆபீஸ் பிடித்துக் குடிபோன இந்தக் குழு அதைச் செய்யவில்லை. 2014 மே 20 அன்று அவர்கள் தாங்களே வெளியிட்ட 'டிரான்சிஸ்டர்' கேமின் நாயகிக்குப் பேச்சே கிடையாது!

அவள் பெயர் ரெட். கிளவுட்பேங்க் என்ற நகரத்தின் பெரிய பாடகி. கதை ஆரம்பிக்கும்போதே அவளுடைய குரல் பறிபோய்விட்டது. அவள் கையில் ஆளுயர வாள் ஒன்று. அவளை நேசித்த ஒருவனின் உயிர் அந்த வாளுக்குள் அடைந்துகிடக்கிறது. வாள் பேசும், அவள் பேச மாட்டாள். வாளுக்குக் குரல் யார்? அதே லோகன்தான். ஆனால் பாஸ்டியனில் எல்லாம் அறிந்த பெரியவராகப் பேசியவர், இங்கே அவளைத் தவிர வேறு நாதியற்ற காதலனாகப் பேசுகிறார்.

இந்த கேமில் ஒரு பட்டன் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தவே மாட்டேன். அந்த பட்டனை அழுத்திப் பிடித்தால் ரெட் நின்ற இடத்திலேயே நின்று, பின்னணியில் எந்தப் பாட்டு ஓடுகிறதோ அதனோடு சேர்ந்து முனகுவாள். ஹம்மிங். அவ்வளவுதான்! அதனால் எதிரி சாக மாட்டான், பாயின்ட் ஏறாது, கதவு திறக்காது. கேம் என்ற கணக்கில் பார்த்தால் அந்த பட்டனுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் குரல் போன பாடகிக்குள் பாட்டு போகவில்லை என்பதை நம் கட்டைவிரல் வழியாக நமக்குச் சொல்லிவிடுகிறது. அந்த ஹம்மிங், பாடகி ஆஷ்லி பாரட்டுடையது. சண்டையின் நடுவே காலத்தை நிறுத்தித் திட்டம் போடும் வசதி ஒன்று உண்டு. அதை அழுத்தினால் இசை தண்ணீருக்குள் போனதுபோல மங்கி, அவளுடைய முனகல் மட்டும் மேலே மிதந்து வரும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், சொக்கிப் போவீர்கள்.

இன்னொன்று. நகரத்தில் ஆங்காங்கே செய்தி படிக்கும் எந்திரங்கள் இருக்கின்றன. அதில் ரெட் தன் கருத்தை டைப் செய்வாள். நம் கண் முன்னாலேயே ஒரு வரி அடிப்பாள். யோசிப்பாள். அழிப்பாள். வேறு மாதிரி அடிப்பாள். அதையும் பாதி அழிப்பாள். பேச முடியாத ஒருத்தியின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதை அழிந்துபோகும் அந்த எழுத்துகளிலிருந்து நாம் பிடித்துக்கொள்கிறோம். முதல் கேமில் 3,000 வரி வசனம் எழுதிய கை, இரண்டாம் கேமில் அழித்துக் காட்டிக் கதை சொல்லக் கற்றுக்கொண்டது. வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

வழியனுப்பப் படித்தது

மூன்றாவது கேம் 'பைர்', 2017 ஜூலை 25. மற்ற நான்கின் அளவுக்கு யாரும் இதைக் கொண்டாடுவதில்லை. எனக்கு அந்தக் குறை எப்போதும் உண்டு. ஏனென்றால் இந்த ஸ்டுடியோ பெரிய மனுஷத்தனத்தோடு யோசித்தது இங்கேதான்.

நாடு கடத்தப்பட்டவர்கள் எல்லாரும் பாதாளம்போன்ற ஒரு நிலத்தில் அலைகிறார்கள். திரும்ப ஊர் போக ஒரே வழி, சடங்கு. அந்தச் சடங்கு ஒரு பந்தாட்டம்! இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். பந்தை எடுத்துக்கொண்டு போய் எதிரணியின் தீயில் போட வேண்டும். தோற்றால்? கேம் ஓவர் கிடையாது. மறுபடி முதலிலிருந்து ஆடு என்ற தண்டனையும் கிடையாது. தோல்வி தோல்வியாகவே பதிவாகி, கதை அதைச் சுமந்துகொண்டு மேலே போகும்.

ஜெயித்தால்தான் வலி! முக்கியமான சில ஆட்டங்களில் ஜெயித்தால் உங்கள் அணியில் ஒருவர் விடுதலை ஆகி ஊருக்குப் போகலாம். யாரை அனுப்புவது? பல மணி நேரம் கூடவே வண்டியில் வந்து, கதை பேசி, உங்களுக்காக ஓடி ஆடியவர்களில் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்து வழியனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அவர் இருக்க மாட்டார். நல்ல ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளவும் ஆசை, அவர் நல்லா இருக்கட்டும் என்றும் ஆசை. கல்யாணம் ஆகிப் போகும் தங்கையை வாசலில் நின்று பார்க்கிற அண்ணனின் மனசு, ஒரு பந்தாட்ட கேமில் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்!

குரல் விஷயத்திலும் இங்கே புதுசு. பாத்திரங்கள் பெரும்பாலும் உலகத்தில் இல்லாத ஒரு மொழியில் பேசுகிறார்கள். அர்த்தம் எழுத்தில், உணர்ச்சி ஓசையில். கடைசிப் பாட்டோ, நீங்கள் யாரை அனுப்பினீர்கள், யாரை நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து வரிகளை மாற்றிக்கொள்கிறது. எனக்குக் கேட்ட பாட்டு உங்களுக்குக் கேட்காமல் போகலாம். டேரன் கோர்ப் இத்தனை விதமாகவும் அதைத் தயார் செய்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது, நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அடுப்படியைத் திறந்துவிட்டார்கள்

இப்போது வருகிறது பெரிய கதவு. 2018 டிசம்பர் 6. அமெரிக்காவில் கேம் விருது விழா நடக்கும் இரவு. சூப்பர்ஜயன்ட் தன் நாலாவது கேமை அறிவிக்கிறது, பெயர் 'ஹேடீஸ்'. அறிவித்த அன்றைக்கே வாங்கி விளையாடலாம்! ஆனால் கேம் இன்னும் முடியவில்லை. பாதி வெந்த சோற்றை இலையில் போடுகிறோம், உப்பு உறைப்பு சொல்லுங்கள், சேர்த்துக் கிளறுவோம் என்கிற ஏற்பாடு. எர்லி ஆக்சஸ் என்பார்கள். மூன்று கேம்களை முழுசாகச் செய்து முடித்த பிறகே கையில் கொடுத்த குழு, நாலாவதற்கு அடுப்படியையே திறந்துவிட்டது. நோக்ளிப் என்ற ஆவணப்படக் குழுவையும் உள்ளே விட்டார்கள். இந்த கேம் வளர வளர அது பல பாகங்களாகப் படமாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் நான் காத்துக் கிடந்தேன்.

கேம் இதுதான்: கிரேக்கப் புராணத்தில் பாதாளத்துக்கு அரசர் ஹேடீஸ். அவருடைய மகன் ஸக்ரியஸ் அப்பாவை எதிர்த்து வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறான். வழியில் செத்தால், ரத்தக் குளத்திலிருந்து எழுந்து மறுபடி அதே வீட்டுக்குள் வருவான். மறுபடி ஓடுவான். மறுபடி சாவான். ஆரம்பத்தில் அவர்கள் யோசித்த கதை வேறு. மினோட்டார் அடைபட்ட புதிர்க்கோட்டையும் அதில் சுற்றும் தீசியஸும் என்பதுதான் முதல் திட்டம். அது மனசுக்கு ஒட்டவில்லை. பிறகு புராணத்தின் ஓர் ஓரத்தில், அதிகம் யாரும் தொடாத ஸக்ரியஸைக் கண்டுபிடித்தார்கள். வீர கதை, வீட்டுக் கதையாகிவிட்டது. தந்தைக்கும் மகனுக்கும் மனத்தாங்கல், காணாமல்போன தாய், ஓடுகிறவனுக்கு வரம் கொடுத்து உதவும் பெரியப்பா சித்தப்பாமார்கள். இதைவிட நமக்கு நெருக்கமான கதை உண்டா!

ஸக்ரியஸுக்கு யார் குரல்? இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். சரியான ஆள் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று இசையமைப்பாளர் டேரன் கோர்ப் தற்காலிகமாகப் பேசி வைத்தார். நம் சினிமாவில் டிராக் பாடி வைப்பார்களே, அதேபோல. கேட்டவர்கள், இதுவே இருக்கட்டும் என்று விட்டார்கள். டிராக் குரலே நாயகன் குரலாகிவிட்டது! மகனுக்கு டேரன். அப்பா ஹேடீஸுக்கு? லோகன் கன்னிங்ஹாம்! நியூயார்க்கில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே அலமாரியில் குரல் பதிவு செய்த அந்த இரண்டு பேர், பத்து வருடம் கழித்துப் பாதாள மாளிகையில் அப்பனும் மகனுமாக நின்று சண்டை போடுகிறார்கள். லோகன் அதோடு விடவில்லை. கடல் தேவன் பொசைடனும் அவரே. வீரன் அக்கிலீஸும் அவரே. உறுமல் ஒன்றையே மொழியாகக் கொண்ட படகோட்டி கேரனும் அவரே. மினோட்டார் ஆஸ்டீரியஸும் அவரே. கதை சொல்லும் பெரியவரும் அவரே! முதல் தடவை பெயர்ப் பட்டியலில் இதைப் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குரலாகத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

இந்த கேமின் உள்ளே இருக்கும் எந்திரத்தையும் பார்த்துவிடுவோம். குளத்திலிருந்து எழுந்து வந்தால் பக்கத்தில் தூக்கத்தின் தேவன் ஹிப்னாஸ் நிற்பான். இந்தத் தடவை எதனிடம் செத்தாய் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்; அதைப் பற்றியே பேசுவான். கையில் எந்த ஆயுதத்தோடு போனாய் என்று அக்கிலீஸ் கவனித்திருப்பார். எந்த தெய்வத்தின் வரத்தை எடுத்தாய், யாரை எடுக்காமல் விட்டாய் என்பதும் பேச்சில் வரும். எப்படி? எழுதிய ஒவ்வோர் உரையாடலுக்கும் நிபந்தனைகள் கட்டி வைத்திருக்கிறார்கள். இன்னார் இன்னாரைச் சந்தித்திருக்க வேண்டும், இது நடந்திருக்க வேண்டும், இது நடந்திருக்கக் கூடாது என்று. கூடவே எது அவசரம், எது காத்திருக்கலாம் என்ற முன்னுரிமையும் உண்டு. நீங்கள் வீட்டுக்குள் நுழைகிற நொடியில் கேம் அத்தனையையும் சலித்து, அந்த நேரத்துக்குப் பொருத்தமான ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. குரல் கொடுத்துப் பதிவான வரிகள் மட்டும் 20,000க்கு மேல்! பாஸ்டியனின் 3,000 எங்கே, இது எங்கே!

இதனால் நடக்கும் அதிசயம் என்ன தெரியுமா? சாவது சலிக்கவில்லை. மற்ற கேம்களில் செத்தால் பல்லைக் கடித்துக்கொள்வேன். இதில் செத்தால், சரி, வீட்டில் இன்றைக்கு யார் என்ன சொல்வார்கள் என்று ஆவலாக எழுந்து வருவேன். மூன்று தலை நாய் செர்பெரஸ் வீட்டுக்குள் படுத்திருக்கும். அதை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். தோற்றாலும் கதை முன்னே போகும் என்று பைரில் அவர்கள் படித்த பாடம், இங்கே பூத்துக் காய்த்துவிட்டது.

விளையாட்டில் கை வராதவர்களையும் அவர்கள் விடவில்லை. 'காட் மோட்' என்று ஒரு வசதி. அதைப் போட்டால் விழும் அடியில் 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு தடவை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறையும், 80 வரைக்கும். விழ விழத் தாங்கும் சக்தி ஏறும். சுலபம் என்று பெயர் வைத்து யாரையும் கூச வைக்காமல், கடவுள் என்று பெயர் வைத்து உயர்த்திவிட்டார்கள். இந்தப் பெயர் வைத்த மனசுக்கே ஒரு கும்பிடு!

வெள்ளிக்கிழமை மாலை 5 மணி

கேம் உலகத்தில் ஊரறிந்த ஒரு நோய் உண்டு. வெளியீட்டு நாள் நெருங்கினால் ராத்திரி பகலாக வேலை; தூக்கம் கிடையாது, குடும்பம் கிடையாது. முடிந்ததும் பாதிப் பேர் களைத்து வேலையை விட்டே போய்விடுவார்கள். அவர்களோடு அவர்கள் கற்ற வித்தையும் போய்விடும்.

சூப்பர்ஜயன்டில் 2020 வாக்கில் இருந்த ஏற்பாடுகள் வெளியே தெரியவந்தபோது, கேம்களைவிட அதில்தான் நான் அதிகம் சிலிர்த்தேன். அங்கே லீவுக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் கீழ்வரம்பு உண்டு! ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் கட்டாயம் லீவு எடுத்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் ஆபீஸ் இமெயில் அனுப்பக் கூடாது. வேலையில் உயிரை வைக்கிறவர்களுக்கு லீவு எடு என்று அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, எடுக்க மாட்டார்கள். அதனால் விதியாகவே போட்டுவிட்டார்கள்.

பலன்? பாஸ்டியனைச் செய்த அந்த ஏழு பேரும், ஹேடீஸ் முடிந்தபோதும் அங்கேயே இருந்தார்கள். ஏழு பேரும்! ஒரு சின்ன ஸ்டுடியோ பதினோரு வருடம் ஒரு தலை குறையாமல் நிற்பது லேசான காரியம் இல்லை. ஏழு சுமார் 20 ஆனது. ஒரு கேம் ஓடியதும் இருநூறு முந்நூறு பேராகப் பெருகும் ஆசை அவர்களுக்கு வரவில்லை. டேரன் எந்த இடத்தில் இசையை நிறுத்துவார் என்று கசாவினுக்குத் தெரியும். ஒரு புருவ நெளிவை ஜென் ஸீ எப்படி வரைவார் என்று லோகனுக்குத் தெரியும். பல வருஷம் சேர்ந்து வாசித்த கச்சேரிக் குழுவில் கண்ணசைவே போதுமே, அந்தக் கண்ணசைவு அந்தக் குழுவில் இருக்கிறது என்று கேமைத் தொட்டாலே தெரிகிறது. 2020இல் கொரோனா வந்து ஆளுக்கொரு வீட்டில் அடைந்தபோதும் கேம் நிற்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று ஹேடீஸ் முழுசாக வந்தது. சில நாட்களிலேயே விற்பனை 10 லட்சத்தைத் தொட்டுவிட்டது. அதில் 7 லட்சம் பேர், பாதி வெந்தபோதே இலை போட்டு உட்கார்ந்தவர்கள்.

அடுத்த ஆண்டு விருது மழை. பாஃப்டாவில் சிறந்த கேம். அறிவியல், மாயக் கதைகளுக்கான ஹியூகோ விருது ஒன்றும் வந்தது. அந்த விருதின் வரலாற்றிலேயே ஒரு வீடியோ கேம் அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

இதற்கிடையில் ஸ்டுடியோவுக்குப் பத்து வயது நிறைந்ததைக் கொண்டாட ஒரு காரியம் செய்தார்கள். நான்கு கேம்களின் பாட்டுகளையும் எடுத்து, இசையமைப்பாளர் ஆஸ்டின் வின்டரி முன்னின்று நடத்த, ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தார்கள். எங்கே தெரியுமா? லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில்! பீட்டில்ஸ் பாடிய அதே இடம்! சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் பிறந்த பாட்டு, வயலின் படையோடு அங்கே போய் ஒலித்தது. அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் துணிகளின் வாசம் அடிக்கிற மாதிரியே இருக்கும்.

விதை முளைத்தது

2022 டிசம்பரில் இன்னோர் ஆச்சரியம். அதுவரை இரண்டாம் பாகமே எடுக்காதவர்கள் 'ஹேடீஸ் II' அறிவித்தார்கள். சுமார் 25 பேர். மறுபடியும் அடுப்படிக் கதவைத் திறந்தே வைத்தார்கள். 2024 மே 6 முதல் எர்லி ஆக்சஸ், 2025 செப்டம்பர் 25 அன்று முழு கேம். இந்தத் தடவை நாயகி ஸக்ரியஸின் தங்கை மெலினோயி, ஒரு மாயக்காரி. குரல் ஜூடி ஆலிஸ் லீ.

நான் முதல் தடவை அவளுடைய முகாமுக்குள் நடந்துபோனேன். கொப்பரை கொதிக்கிறது. பக்கத்தில் ஈர மண். அதில் விதை ஊன்றலாம்! ஊன்றிவிட்டுச் சண்டைக்குப் போய் வந்தால் செடி வளர்ந்து நிற்கும். கையில் விதையை வைத்துக்கொண்டு திரை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டியனிலிருந்து பிடுங்கிப் போட்ட தோட்டம்! அந்தப் பழைய யோசனைதான் இது என்று அவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் வரவேற்பறையில் இடமில்லாமல் போன ஒரு செடிக்குப் பதினான்கு வருடம் கழித்து மண் கிடைத்திருக்கிறது என்று நம்பவே எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒன்றே ஒன்று காட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். கடலுக்கு அடியில் சில்லா என்ற அரக்கி. அவள் இங்கே ஒரு ராக் பேண்டின் பாடகி! கூட ஒருத்தி டிரம்ஸ், இன்னொருத்தி கிட்டார். நீங்கள் உள்ளே நுழைந்ததும் அவர்கள் மேடையில் முழுப் பாட்டும் பாடிக்கொண்டே உங்களை அடிப்பார்கள். அவர்களில் ஒருத்தியை நீங்கள் வீழ்த்தினால், பாட்டிலிருந்து அவளுடைய வாத்தியம் மட்டும் நின்றுபோகும். டிரம்ஸ்காரி விழுந்தால் தாளம் போய்விடும், பாட்டு வெறும் காலோடு ஓடும். பாடகி விழுந்தால் குரல் போய், வாத்தியம் மட்டும் தனியாகத் தவிக்கும்.

ஐந்து கேம்களும் இங்கே ஒன்றாக நிற்பதைப் பார்த்தேன். நீங்கள் செய்வதைக் கூடவே சொல்லிவந்த பாஸ்டியனின் குரல் இப்போது பாட்டாகவே மாறிவிட்டது. ரெட்டின் மௌனம் இருக்கிறது. ஜெயித்தால் ஒன்றை இழக்க வேண்டும் என்ற பைரின் வலி இருக்கிறது. மறுபடி வந்தால் பாட்டு மறுபடி முழுசாகத் தொடங்கும் என்ற ஹேடீஸின் கருணையும் இருக்கிறது.

எந்த வரிசையில் அவர்களை அடித்தால் சுலபம் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அந்த வரிசையில் நான் அடிப்பதில்லை. டிரம்ஸ்காரியைக் கடைசிவரை விட்டுவைக்கிறேன். அடி கூட விழுந்தால் விழட்டும், தாளம் கடைசிவரை இருக்கட்டும்!